அக்கா தீட்டிய கத்திகள்

அக்கா எங்களைவிட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும், வர முடியாமல் இந்த நினைவு மலரைத் தபாலில் பெறுகிறவர்களுக்கும் என் வணக்கம். படத்துக்குக் கீழே போட நான்கு வரி எழுதிக் கொடு என்றுதான் அக்காவின் கணவரான மாமா கேட்டார். உட்கார்ந்து பார்த்தேன். நான்கு வரிக்குள் அக்கா அடங்கவில்லை. நான் செய்த ஒரு தவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அக்கா பிறந்தது மணிமங்கலத்தில். அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் கோயில் நந்தவனத்தில் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே வந்தது. அக்காவுக்கு ஏழு வயதாகும்போது நான் பிறந்தேன். அவர் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு அப்பா மரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து படுத்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் சம்பாதித்தவர் அக்காதான். என்னை ஐ.டி.ஐ. படிக்கவைத்து, ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகே தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். மாமாவுக்கு ஊர் வல்லக்கோட்டை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. யாராவது அதைக் கிளறினால், "எனக்குத்தான் தம்பி கீறானே" என்று சொல்லி அக்கா பேச்சை முடித்துவிடுவார்.

அக்கா அதுவரை வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டதும், தொழிலாளர்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் ஒரு கேன்டீனில் காய் நறுக்கும் பகுதிக்குப் போனார். மூன்று ஷிஃப்டுக்கும் அங்கிருந்துதான் சாப்பாடு போகும். சில வருடங்களில் அந்தப் பகுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அங்கே பேச்சியம்மாள் என்று ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவர். ஒரு காலை பூசணிக்காயை வெட்டும்போது கத்தி வழுக்கி, இடது கைப் பெருவிரலுக்கு அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. நரம்பையும் சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது. மேலாளர் வந்து எல்லாப் பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து, கவனமாக வெட்டத் தெரியாதா என்று சத்தம் போட்டாராம். அக்கா அந்தக் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இத்த வச்சி ஒரு தக்காளி நறுக்குங்க சார்."

அவர் நறுக்கிப் பார்த்தார். தக்காளி நசுங்கியது, தோல் அறுபடவில்லை.

"மொக்கக் கத்தி சார். அமுக்கி அமுக்கி வெட்டுனா வழுக்காம இன்னா பண்ணும்? அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

அன்று மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை. "அந்தப் பொண்ணால பெருவிரல மடக்கவே முடியலடா. நான் பொறுப்புல கீறேன், என் பக்கத்துலதான் நின்னுகினு இருந்துச்சி. கத்தி மொக்கையா இருக்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மாதம் ஒருமுறை சாணைக்காரர் வருவார். சக்கரத்தில் பொறி பறக்கத் தீட்டித் தருவார். இரண்டு நாள் வெட்டும். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். சக்கரத்தின் சூட்டில் கத்தி விளிம்பு வலுவிழந்து போகிறது என்று நான் சொன்னேன். தினமும் நாமே தீட்டிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்றார் அக்கா. கேன்டீன் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோ பார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துத் தீட்டும் கல்லைப் பற்றித் தெரிந்துகொண்டார்.

முதலில் வாங்கியது தவறான கல். கல்லுக்கு நம்பர் உண்டு. நம்பர் சிறிதானால் சொரசொரப்பு, பெரிதானால் வழுவழுப்பு. பெரிய நம்பர்தான் உயர்ந்த கல் என்று நினைத்து எட்டாயிரம் நம்பரை வரவழைத்துவிட்டார். ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தார். கத்தி கண்ணாடிபோல ஆனது. மாமா அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கினார். ஆனால் தக்காளியில் வைத்தால் இறங்கவில்லை. மழுங்கிய விளிம்பே பளபளவென்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் ஆயிரம் நம்பர் கல் வாங்கினார். விளிம்பு உடைந்த கத்திகளுக்காக நானூறு ஒன்று. கடைசியாக லேசாக இழுக்க மூவாயிரம் ஒன்று. கேன்டீனுக்கு இதற்குமேல் வேண்டாம் என்று அவரே கண்டுபிடித்தார். "தக்காளித் தோலுக்குக் கத்தியில கொஞ்சம் பல்லு இருக்கணும்டா. ரொம்ப வழவழன்னு ஆக்குனா தோலு மேலயே சறுக்கிகினு போவுது" என்பார். ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஆயிரத்தைச் சொல்வார்.

கல்லை வாளித் தண்ணீரில் போட்டுக் குமிழி அடங்கும்வரை காத்திருப்பார். நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரிப்பார். கத்தியின் முதுகுப் பக்கம் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் தூக்கிப் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் தள்ளி இழுப்பார். கல்லின் மேல் சேறுபோலப் படிவதை நான் துடைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். அந்தச் சேறுதான் தீட்டுகிறதாம். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தைப் பெருவிரலால் குறுக்கே தடவிப் பார்ப்பார். மெல்லிய இரும்புப் பிசிர் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். எங்கள் கம்பெனியில் கடைந்தெடுத்த பாகங்களில் பிசிர் நீக்குவதுதான் என் வேலை. "நீ ஒழிச்சிக் கட்டுறத நான் தேடிகினு கீறேன் பாரு" என்று கேலி செய்வார். கல் நடுவில் குழிந்தால் பென்சிலால் கோடுகள் போட்டு, அந்தக் கோடுகள் எல்லாம் அழியும்வரை தட்டையான தகட்டில் தேய்த்துச் சமமாக்குவார்.

கை ஆறி பேச்சியம்மாள் திரும்பி வந்தபோது கத்தியைத் தொடவே பயந்தார். அக்கா தக்காளியையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தார்.

"எக்கா, எனக்குக் கையெல்லாம் நடுங்குதுக்கா. நான் பாத்திரம் கழுவப் போயிருதேன்."

"ஒண்ணே ஒண்ணு வெட்டு. அமுக்காத. மேல வச்சி இழு, போதும்."

பேச்சியம்மாள் இழுத்தார். "யம்மா! தானா எறங்குதுல்லாக்கா!" என்றாராம். அதன் பிறகு அக்கா பொறுப்பில் இருந்தவரை அந்தப் பகுதியில் தையல் போடும் அளவுக்கு யாருக்கும் வெட்டுப்படவில்லை. அக்கா தன் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

பிறகு வயிற்றில் கட்டி வந்தது. சென்னையில் அறுவைச் சிகிச்சை, அதன்பின் ஊசி மருந்து. மருந்தின் விளைவாக விரல் நுனிகள் மரத்துப்போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சட்டைப் பொத்தான் போடக்கூட மாமாதான் வரவேண்டியிருந்தது. ஆனாலும் வீட்டிலிருந்தபடியே கேன்டீன் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் துணியில் சுற்றி எடுத்து வருவார், திரும்ப எடுத்துப் போவார்.

ஒரு பிற்பகல் முதல் ஷிஃப்ட் முடிந்து நான் அங்கே போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்தார். கல்லின் மேல் இருந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆள்காட்டி விரல் நுனி பிளந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இப்போது எழுதக் கூசுகிறது. மருந்து ஏற்றிய உடம்பு, காயம் ஆறாது, சீழ் பிடித்தால் என்ன ஆவது என்ற பயம். அந்தப் பயத்தைக் கோபமாக்கி அவர்மேல் கொட்டினேன். விரலில் கட்டுப் போட்டுவிட்டு, மூன்று கற்களையும் வீட்டிலிருந்த நல்ல கத்திகளையும் ஒரு பையில் போட்டேன்.

"இனிமே இது உனக்கு வேணாம்க்கா."

அக்கா என்னைத் தடுக்கவில்லை. "எடுத்துக்கினு போடா" என்றார். என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நல்லது செய்துவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நான்கு மாதம் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. கேன்டீன் கத்திகள் வருவது நின்றதும் பேச்சியம்மாள் மட்டும் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். பிறகு ஒரு நாள் மாமா எனக்குப் போன் செய்தார்.

"உங்க அக்கா தக்காளிய கையில வச்சிகினு அழுவுறா மச்சான். கத்தி எறங்கலன்னு. அந்தக் கல்ல எடுத்துகினு வாயேன்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு கம்பெனியில் ஓ.டி. வேலை வந்தது. அடுத்த ஞாயிறும் வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் பையோடு போனபோது அக்காவால் எழுந்து உட்கார முடியவில்லை. வயிற்றில் நீர் கோத்திருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நீ தீட்டுடா, நான் கேக்குறேன்" என்றார். பார்க்கிறேன் என்பதைத்தான் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஈரத்துணி விரித்து ஆயிரம் நம்பர் கல்லை வைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பத்துமுறை இழுத்திருப்பேன். "தூக்கிட்ட. எறக்கு" என்றார். இறக்கினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில், "கல்லு காயுது. தண்ணி தெளி" என்றார். தெளித்தேன். கத்தியின் அடிப்பகுதிக்கு வந்தபோது, "அங்க இன்னும் புடிக்கல. இன்னும் நாலு இழு" என்றார். இழுத்துவிட்டு மறுபக்கம் தடவிப் பார்த்தேன். அவர் சொன்ன அந்த இடத்தில் அப்போதுதான் பிசிர் எழுந்திருந்தது.

என் கை நின்றுவிட்டது.

"காதுலயே தெரியுதாக்கா உனக்கு?"

"எப்பவும் காதுலதான்டா முதல்ல தெரியும். வெரலு சும்மா சரிபாக்கறதுக்கு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தக் கண்ணில்.

"நீ கேட்டியாடா?" என்றார்.

ஒரு கையுறை வாங்கிக் கொடுத்திருக்கலாம். பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்திருக்கலாம். பிசிரை நான் தடவிச் சொல்லியிருக்கலாம். அந்த நான்கு மாதமும் அவர் தன் வேலையோடு இருந்திருப்பார். விரலில் உணர்ச்சி போனது மருந்தால். மற்றதெல்லாம் போனது என்னால்.

அன்று இரண்டு கத்திகள் தீட்டினோம். மூன்றாவதை எடுத்தபோது அக்கா தூங்கிவிட்டார். எட்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, மாமா அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் மூச்சு நின்றது. வயது நாற்பத்தாறு.

அக்காவுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். வாரந்தோறும் வீட்டுக்கு வந்து படுக்கைப்புண் வராமல் உடம்பு துடைத்துவிட்ட செவிலியருக்கு. லீவு நாளெல்லாம் வந்து அக்காவுக்குத் தலை பின்னிவிட்ட பேச்சியம்மாளுக்கு. கடைசி ஊர்வலத்துக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்த கேன்டீன் பெண்களுக்கு. சவாரியை விட்டுவிட்டு எங்கள் உறவினர்களை ஏற்றி வந்த ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு. காரியம் முடியும்வரை எங்களைச் சமைக்க விடாத அக்கம்பக்கத்து வீட்டாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமாவுக்கு நான் தனியாகச் சொல்லவேண்டும். காரியம் முடிந்த மறுநாள், "நான் புடுங்கிகினு போனது தப்பு மாமா" என்று சொல்லி அவர் முன்னால் அழுதேன். வந்திருந்தவர்கள் எல்லாரும், நீ அவள் நல்லதுக்குத்தானே செய்தாய் என்று தேற்றினார்கள். மாமா மட்டும், "ஆமா மச்சான். தப்புதான்" என்றார். சொல்லிவிட்டு எனக்கு இலை போட்டு, தன் கையால் சோறு பரிமாறி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.