விழமாட்டாள் என்று வாக்குக் கொடுத்தவன்

ஆசிரியத் தொழிலில் பாடம் சொல்லிக்கொடுப்பது கால்வாசி. மிச்ச முக்கால்வாசியும் தலை எண்ணுவதுதான். பஸ்ஸில் ஏற்றும்போது எண்ண வேண்டும், இறக்கும்போது எண்ண வேண்டும், மலசலகூடத்துக்குப் போய் வந்தவர்களைத் திரும்பவும் எண்ண வேண்டும். பிள்ளைகளை எங்காவது கூட்டிக்கொண்டு போய்த் திரும்பிய எல்லாருக்கும் இந்த வருத்தம் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கிழமைக்குச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறவர்களை எண்ணிக்கொண்டிருப்போம்.

நான் ஜேர்மனியில், லைப்சிக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதப் பயிற்சி ஆசிரியன். போன மாரியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தேழு பேர், காலில் நீளக் கட்டை மாட்டிப் பனிச்சரிவில் வழுக்குகிற ஸ்கீ பழக ஒஸ்ரியாவுக்குப் போனபோது என்னையும் துணைக்குச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு ஸ்கீ ஓடத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரியாது.

ஒரு படிவம் குறைந்தது

அனுமதிப் படிவங்கள் இருபத்தாறு வந்துவிட்டன. வராதது அபிராமியுடையது. பயணத்துக்குப் பொறுப்பான விளையாட்டு ஆசிரியை ஃபிராவ் விங்க்ளர் என்னைக் கூப்பிட்டு, "அவர்களுக்கும் உங்கள் பாஷைதானே. போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

போனேன். தேநீரோடு வடை வந்தது, வடையோடு ஒரு அழைப்பிதழும் வந்தது. மே மாதம் அபிராமிக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். ஒன்பது வருடம் பழகியிருக்கிறாள். மண்டபம் பிடித்தாகிவிட்டது, மிருதங்கக்காரர் லண்டனிலிருந்து வருகிறார், அட்டையும் அடித்தாயிற்று. தகப்பன் பரமேஸ் அண்ணை அந்த அட்டையை என் கையில் வைத்து, "தம்பி, காலை முறிச்சுக்கொண்டு வந்தால் பிள்ளை எப்பிடி ஆடுறது? நீங்களே சொல்லுங்கோ" என்றார். அபிராமி கதவில் சாய்ந்தபடி, தன் காலைப் பற்றிய பேச்சை வேறு யாருடையவோ காலைப் பற்றிய பேச்சு மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணை, நான் பக்கத்திலயே நிப்பன். பிள்ளை விழமாட்டாள். அதுக்கு நான் பொறுப்பு."

ஸ்கீ கட்டையைக் கையால் தொட்டும் பார்க்காத ஒருவன் கொடுத்த வாக்கு இது. பரமேஸ் அண்ணை கையெழுத்துப் போட்டார், படிவத்தை நீட்டினார், ஆனால் உடனே விடவில்லை. ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் பள்ளிக்கூடத்தை நம்பிக் கையெழுத்து வைக்கேல்லைத் தம்பி. உங்களை நம்பி வைக்கிறன்."

ஐஸ்கிறீம் பெட்டி

ஞாயிறு காலை பஸ்ஸடியில் தாய் சாந்தி அக்கா என்னிடம் ஒரு பெரிய வனிலா ஐஸ்கிறீம் பெட்டியைத் தந்தா. உள்ளே ஐஸ்கிறீம் இல்லை என்பதை நமது ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நமது வீடுகளில் அந்தப் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருப்பது வாங்கிய முதல் நாள் மட்டும்தான். "ரொட்டியும் சீனிச்சம்பலும் தம்பி. பெட்டியை மட்டும் மறக்காமல் கொண்டு வாங்கோ, மூடி இறுக்கமான மூடி" என்றா.

ஃபிராவ் விங்க்ளருக்கு இது தெரியாது. பஸ் வெளிக்கிட்டு மூன்று மணித்தியாலம் அந்தப் பெட்டி ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்ததை அவர் கவலையோடு பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். வழியில் நிறுத்திய இடத்தில் பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்தார். பிறகு ஒரு ரொட்டித் துண்டைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். உறைப்பில் கண்ணால் நீர் ஓட, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருடமாகப் பிள்ளைகளோடு பயணம் போகிறேன். வெக்கையில் வைத்தும் உருகாத ஐஸ்கிறீமை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

முதற் பாடம்

திங்கட்கிழமை காலை, தொடக்கக்காரர்களின் கூட்டத்தில் அபிராமியோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள், பத்தாவது நான். ஸ்கீச் சப்பாத்து என்பது சப்பாத்தே இல்லை. இரண்டு காலுக்கும் போட்ட பூட்டு. அந்தப் பூட்டோடு நாங்கள் தள்ளாடி வந்து வரிசையில் நின்றதும், பயிற்றுநர் டோனி கையைத் தட்டினார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், மூக்கு மட்டும் வெயிலில் உரிந்திருந்தது. "இன்றைக்கு முதற் பாடம், விழுவது. பக்கவாட்டில், இடுப்பு நிலத்தில் படுகிற மாதிரி. கையை ஊன்றக் கூடாது. எங்கே, எல்லாரும் விழுங்கள்!"

முதலாவதாக விழுந்தது அபிராமிதான். அதுவும் சிரித்துக்கொண்டு. மத்தியானத்துக்குள் பதினொரு தரம் விழுந்தாள்; தலை எண்ணிப் பழகிய வாய் அதையும் எண்ணிவிட்டது. நான் டோனியை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், ஒரேயொரு பிள்ளைக்கு மட்டும் இந்தப் பாடத்தை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக முடியாதா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முடியும். அந்தப் பிள்ளையை ஐந்து நாளும் சாப்பாட்டுக் கூடத்தில் இருத்தி வையுங்கள். விழாது."

ஆறு மணி

பரமேஸ் அண்ணை விமான நிலையத்துப் பொதிக் கிடங்கில் இரவு வேலை செய்கிறவர். வேலைக்குப் போக முன்னம், ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு எனக்கு ஃபோன் எடுப்பார். மகளுக்கு எடுத்தால் அவள் "ஓகே அப்பா" என்ற இரண்டு சொல்லோடு வைத்துவிடுவாளாம்.

"சாப்பிட்டவளோ?" என்பார் முதலில்.

"ஓம் அண்ணை. இண்டைக்கு இரவுக்குப் பிய்ச்சுப் போட்ட பான்கேக்கும் அப்பிள் களியும்."

"அது சாப்பாடோ? சரி, இருக்கட்டும். விழுந்தவளோ?"

"இஞ்ச இண்டைக்கு நல்ல வெயில் அண்ணை. மலையெல்லாம் பளபள எண்டு கிடக்கு."

செவ்வாய்க்கிழமையும் அதே கேள்வி. அந்தப் பயிற்றுநர் எவ்வளவு கெட்டிக்காரன் என்று விளக்கமாகச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை பாருங்கோ. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்கும்போது பிள்ளைகள் நமக்குச் செய்கிற அதே வேலை. பரமேஸ் அண்ணை விடவில்லை: "தம்பி, நான் வெயிலையும் கேக்கேல்லை, பயிற்றுநரையும் கேக்கேல்லை."

பீட்சாவும் அரைமண்டியும்

ஸ்கீயில் வேகத்தைக் குறைப்பதற்குக் கால் நுனிகள் இரண்டையும் உள்ளுக்குத் திருப்பி, குதிகளை அகட்ட வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு பீட்சாத் துண்டு மாதிரி இருக்கும். அதனால் சரிவு முழுக்க நாள் முழுக்க, "பீட்சா! பீட்சா!" என்ற கத்தல்தான். அபிராமிக்கு வில்லங்கம் இதிலேதான் வந்தது. பரதநாட்டியத்தில் அரைமண்டி இருக்கும்போது குதி இரண்டும் சேர்ந்து, நுனி வெளியே பார்க்கும். ஒன்பது வருடம் வெளியே பார்த்த கால், பயம் வந்தவுடன் வெளியேதான் பார்த்தது. டோனி பீட்சா என்று கத்தக் கத்த, இவள் அழகான அரைமண்டியில் இருந்தபடி வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருப்பாள்.

புதன்கிழமை டோனி அவளை நிறுத்தி, இப்படி இருக்க உனக்கு யார் பழக்கியது என்று கேட்டார். அவள் ஸ்கீ கட்டையைக் கழற்றிவிட்டு, அந்தப் பாரச் சப்பாத்தோடு பனியில் நின்று ஒரு அடவு செய்து காட்டினாள். எட்டுப் பிள்ளைகளும் செய்து பார்த்தார்கள். எட்டுப் பேரும் அரை நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்றார்கள். டோனியும் செய்து பார்த்தார், அவரும் ஐயோ என்றார். "முழங்கால் இவ்வளவு நேரம் மடிந்து நிற்கும் என்றால் உனக்கு மிச்சம் எல்லாம் சுகம். நுனியை மட்டும் திருப்பு" என்றார். பின்னேரத்துக்குள் திருப்பிவிட்டாள். தடியாய் விறைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்த நான் டோனியைத்தான் இடித்து நின்றேன். அவர் என்னைத் தூக்கி நிமிர்த்தி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "இந்தப் பிள்ளையும் நீங்களும் ஒரே ஆட்கள்தானே? உங்களுக்கு என்ன நடந்தது?"

வெட்டிய பெயர்

வெள்ளிக்கிழமை கடைசி நாள் போட்டி. தொடக்கக்காரர்களுக்கும் உண்டு: பத்துக் கொடிகளைச் சுற்றி வளைந்து கீழே வர வேண்டும். வியாழன் காலை சாப்பாட்டுக் கூடத்தில் பெயர்ப் பட்டியல் தொங்கியது. அதில் அபிராமியின் பெயர் இருந்தது. அதற்கு முதல் நாள்தான் அவளுடைய சிநேகிதி, ஓடத் தெரிந்தவர்களின் கூட்டத்து லேனா, முழங்காலைச் சுளுக்கிக்கொண்டு, இப்போது ஊன்றுகோலோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஊன்றுகோலைப் பார்த்தேன், மே மாதத்தை நினைத்தேன், பேனையை எடுத்து அபிராமியின் பெயரை வெட்டிவிட்டேன்.

அரை மணித்தியாலத்தில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் என்னோடு ஜேர்மனில்தான் கதைப்பாள், நான் அவளுக்கு ஹெர் நேசன். அன்றைக்குத் தமிழில் வந்தாள். "அண்ணா, நீங்களோ வெட்டினது?"

"ஓம். அப்பாவுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"அந்த வாக்கை என்னைக் கேட்டோ குடுத்தனீங்கள்? மேடையிலயும் விழலாம். அதுக்கு ஆர் பொறுப்பு? அதுக்கும் நீங்களோ?" கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழவில்லை. "ஒவ்வொருக்காவும் நான்தானே எழும்பினனான்."

ஆறு மணிக்குப் பொறுத்திருக்க ஏலவில்லை. மத்தியானமே பரமேஸ் அண்ணைக்கு எடுத்தேன். நித்திரையால் எழும்பி, பதறிப்போய், "என்ன, என்ன நடந்தது?" என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: நான் கொடுத்த வாக்கு முதல் நாள் காலையே முறிந்துவிட்டது, இங்கே விழுவதுதான் முதற் பாடம், லேனாவின் முழங்கால், நாளைய போட்டி, வெட்டிய பெயர். சொல்லி முடிய வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"எத்தினைதரம் விழுந்தவள்?" என்றார்.

"நாப்பது இருக்கும் அண்ணை."

"எழும்பினது?"

"அதுவும் நாப்பதுதான்."

பெருமூச்சு ஒன்று கேட்டது. அதுவரை தம்பி என்றவர், அன்றைக்குத்தான் வேறு சொல் சொன்னார். "அப்ப கணக்குச் சரிதானே மாஸ்டர். பெயரை எழுதிவிடுங்கோ."

கோட்டைத் தாண்டியதும்

வெள்ளிக்கிழமை எட்டாவது கொடியில் அவள் விழுந்தாள். நான் கீழே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பக்கவாட்டில், இடுப்பு நிலத்தில் படுகிற மாதிரி, கையை ஊன்றாமல்: டோனி சொன்னபடியே விழுந்தாள். எழும்பினாள். ஒன்பது, பத்து, முடிவுக் கோடு. ஒன்பது பேரில் ஆறாவது இடம். லேனா ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினாள்.

கோட்டைத் தாண்டி நின்ற அபிராமி அப்படியே முன்னால் மடிந்து பனியில் குனிந்தாள். டோனி மருந்துப் பெட்டியோடு ஓடினார், அவருக்குப் பின்னால் ஃபிராவ் விங்க்ளர். போய்ப் பார்த்தால், இரண்டு கையாலும் பனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். ஆட முன்னமும் ஆடி முடியவும் நிலத்தைத் தொட்டுக் கும்பிடுவது ஆடுகிறவர்களின் வழக்கம்; மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்பது. அதை டோனிக்கு விளங்கப்படுத்தினேன். அவர் மருந்துப் பெட்டியை மூடிவிட்டு, ஐந்து நாளும் நான் உழுது வைத்த சரிவைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியென்றால் ஹெர் நேசன், நீங்கள் கோடை வரைக்கும் இங்கே குனிந்துகொண்டு நிற்க வேண்டும்."

வெறும் பெட்டி

சனிக்கிழமை காலை பெட்டி கட்டும்போது சாந்தி அக்காவின் ஐஸ்கிறீம் பெட்டி ஞாபகம் வந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தேன். ஆனால் சாப்பாடு வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமோ? நமக்கு அந்தப் பழக்கம் இல்லையே. பஸ் வெளிக்கிட இன்னும் நேரம் இருந்தது. ஓடிப்போய் ஊர்க் கடையில் பெட்டி நிறையச் சொக்கலேற் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஐந்து நாள் மலையில் முறியாத நான், ஸ்கீயும் இல்லாமல், சாதாரணச் சப்பாத்தோடு, கடைவாசல் படியில் வழுக்கினேன். டோனியின் பாடம் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. ஒரு கையால் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன், மற்றதை ஊன்றினேன். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. ஊர் வைத்தியர் பிளாஸ்டர் போட்டு முடிக்கும்வரை இருபத்தேழு பிள்ளைகளும் பஸ்ஸில் இருந்து என்னை எண்ணினார்கள்.

லைப்சிக்கில் இறங்கும்போது பரமேஸ் அண்ணையும் சாந்தி அக்காவும் முன்னால் நின்றார்கள். அபிராமி பஸ் படியிலிருந்து துள்ளிக் குதித்தாள். பரமேஸ் அண்ணை அவளுடைய முகத்தைப் பார்க்க முன்னம் காலைத்தான் பார்த்தார், இடதையும் வலதையும். பிறகு தலையைத் தடவினார். அவளுக்குப் பின்னால் நான் இறங்கினேன், ஒரு கை கழுத்தில் தொங்க, மற்றக் கையில் ஐஸ்கிறீம் பெட்டியோடு. சாந்தி அக்கா "ஐயோ தம்பி!" என்று வாயைப் பொத்தினா. பரமேஸ் அண்ணை பெட்டியை வாங்கினார், பிளாஸ்டரை ஒருதரம் தட்டிப் பார்த்தார், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் சொன்னார்: "பரவாயில்லை மாஸ்டர். நீங்கள் விழமாட்டீங்கள் எண்டு ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கேல்லைத்தானே."

மே மாதம் மேடையில் அபிராமி ஒருதரமும் விழவில்லை. முன்வரிசையில் இருந்த பயிற்சி ஆசிரியன் மட்டும், தொழில் அப்படி, விழாத ஒவ்வொரு அடியையும் கடைசிவரை எண்ணிக்கொண்டே இருந்தான்.