காய்கறித் தட்டில் ஒரு குளிர்காலம்

என் பிரிட்ஜில், கீரைக்குப் பக்கத்தில், ஈரத்துணி சுற்றிய வேர்க்கட்டை ஒன்று ஆறு வாரம் படுத்திருந்தது. ஊரில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மலேசியாவில் இந்தச் செனாய்க்கு வந்த ஆறு வருடத்தில் குளிரை நான் அந்தக் காய்கறித் தட்டில்தான் கண்டிருக்கிறேன். பாலோ எஸ்டேட்டில் பிறந்த பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, மீன்குழம்பு கொண்டுவந்து உள்ளே வைக்கப் பிரிட்ஜைத் திறந்தவர் திடுக்கிட்டார்.

“அலமாக்! என்ன தம்பி இது, இஞ்சியா?”

“அக்கா, அது ஸ்டெல்லாவோட டெய்சி வேர். குளிர் பட்டாத்தான் பூக்கும்.”

குழம்புச் சட்டியை அதன்மேல் படாமல் தள்ளி வைத்தார்.

ஸ்டெல்லா என் மனைவி. ஊட்டியில் எங்கள் வாசலில் ஷாஸ்டா டெய்சி வெள்ளை வெளேரென்று நிற்கும். ஒருமுறை நட்டால் வருடா வருடம் தானே வரும். வாடிய பூவைக் கிள்ளுவாள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூரைத் தோண்டி, நடுவில் முற்றியதை எறிந்துவிட்டு, ஓரத்து இளங்கன்றுகளைப் பிரித்து நடுவாள். உறைபனி மாதங்களில் காய்ந்த புல்லால் கழுத்துவரை மூடுவது என் வேலை. என் தொழிற்சாலை வேலைக்காக இங்கே வந்தபோது விதையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். முளைத்தது, பூக்கவில்லை. போன வருடம் டெங்கிக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. ஊருக்குக் கொண்டுபோக அன்று எனக்குத் தெம்பில்லை. இங்கேயே அடக்கம் செய்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது என் பெர்மிட் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்களாம். நான் போன பிறகு அவளுக்கு யார் பூ வைப்பார்கள்? தானே வரும் பூ ஒன்றை அங்கே விட்டுப்போக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருடமும் பூக்க என்ன செய்யலாம் என்று நர்சரியில் சீனப் பெரியவரிடம் கேட்டேன். குளிரான கேமரன் மலையிலிருந்து வந்த டெய்சித் தொட்டிகளைக் காட்டி, “ஹாபிஸ், புவாங் லா,” என்றார். பூத்து முடிந்தால் தூக்கி எறி, புதிது வாங்கு. நான் அசையாமல் நின்றதும் பேரம் பேசுகிறேன் என்று நினைத்து விலையைக் குறைத்தார்.

அவள் விதையில் முளைத்த தூரிலிருந்து பிரித்து, கல்லறையில் முதலில் நட்ட இரண்டு கன்றும் மழையில் போயின. பிரிட்ஜில் இருந்தது மூன்றாவது, கடைசி. அதை நட்ட சில நாளில் இரண்டு இலை விட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெயில் சுடுமே என்று காய்ந்த லாலாங் புல்லை அள்ளிக் கழுத்துவரை மூடினேன். கை ஊட்டி வேலையைச் செய்துவிட்டது. நான்கு நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை புல்லை விலக்கினால், தூர் கொழகொழவென்று கையோடு வந்தது. மூடாமல் விட்டிருந்தாலாவது பிழைத்திருக்கும்.

கூட வந்த அக்கா அந்த அழுகலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “காகிதப்பூச் செடி வெச்சிடுறேன் தம்பி. அது சாகாது. மாசம் ஒரு தடவ வந்து பாத்துக்கிறேன், நீங்க போங்க.”

“அது அவளுக்குப் பிடிக்காதுக்கா!” கத்தியேவிட்டேன்.

“நான் வந்தா பிடிக்கும்ல?”

கையில் ஒட்டியிருந்த சேற்றைப் புல்லில் துடைத்தேன்.

நேற்று ஊட்டியிலிருந்து என் தம்பி படம் அனுப்பியிருந்தான். யாரும் கவனிக்காத எங்கள் வாசல் முழுக்க டெய்சி. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் அந்த வாசலில் நிற்பேன். வாடியதைக் கிள்ள எனக்குத் தெரியும். மலர்ந்ததைப் பறித்து எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.