எழுபதாவது மீட்டரில் திரும்பிப் பார்த்தவள்

பதினான்கு விநாடி ஓடும் ஒரு வீடியோ என் போனில் இருக்கிறது. இதற்குள் மூன்று போன் மாற்றிவிட்டேன். வீடியோ மட்டும் கூடவே வருகிறது. தென்காசியில் நாங்கள் படித்த கல்லூரியின் மைதானத்தில் நடந்த மண்டலப் போட்டி, பெண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டம். நான்காவது தடத்தில் எங்கள் தடகள அணித் தலைவி கேப்டனக்கா, ஐந்தாவதில் நான். எழுபது மீட்டர் வரை அவள் ஓரடி முன்னால் இருக்கிறாள். பிறகு அவள் தலை சட்டென்று இடப்பக்கம் கேலரியை நோக்கித் திரும்புகிறது. ஒரே ஒரு எட்டு பிசகுகிறது. நான் நெஞ்சை முன்னே தள்ளி நாடாவைத் தொடுகிறேன். அவளை நான் வென்றது அந்த ஒரு தடவைதான்.

நான் இப்போது மகளிர் காவல் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சந்தேகப்படுவது எங்கள் தொழில். ஆனால் அந்தப் பழக்கம் காக்கி போடுவதற்கு முன்பே, அந்த வீடியோவிலிருந்துதான் எனக்குத் தொற்றியது.

கேப்டனக்கா இலத்தூர்க்காரி. என்னைவிட ஒரு வருடம் மூத்தவள். முதலாண்டில் வெறுங்காலோடு ஓடி மண்டலத்தில் ஜெயித்தவள் என்று நாங்கள் சேர்ந்தபோதே அவளைக் காட்டிச் சொன்னார்கள். அடுத்த வருடமும் நூறு, இருநூறு இரண்டிலும் அவள்தான். தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கடைசியாக வாங்குவாள். நாங்கள் மூன்று பேர் இழந்துவிட்டு வந்ததையெல்லாம் அந்த ஒரு சுற்றில் மீட்டுக் கொடுப்பாள். நடக்கும்போதுகூட அவள் குதிகால் தரையில் சரியாகப் பதியாது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டால் உடனே பாய்ந்துவிடத் தயாராக இருப்பவள்போல முன்பாதத்திலேயே நடப்பாள்.

அந்தப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சி முடிந்ததும் நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். முதலிடம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி இருக்கிறது என்று காட்டினால்தான் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார். கேப்டனக்கா என் தலையில் தட்டி, "அழாதட்டி. இந்தத் தடவ நீதான் ஜெயிப்ப, பாரு" என்றாள். ஓட்டம் முடிந்து மூச்சிரைக்க நின்ற என்னைக் கட்டிக்கொண்டு, "சொன்னேம்லா?" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது. அன்று மாலையே விடுதியில் ஒருத்தி, "ஏட்டி, அக்கா ஒனக்கு விட்டுக்குடுத்துட்டா, தெரியுமா?" என்று சிரித்தாள். வீடியோவை வாங்கிப் பார்த்தேன். ஓடும்போது தலையைத் திருப்பக் கூடாது என்று எங்களுக்குத் தினமும் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அவளா திரும்புவாள்? அப்படியானால் இந்தப் பதக்கம் எனக்குப் போட்ட பிச்சையா? நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளைப் பார்த்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போக வேண்டும். தென்காசி ஸ்டேஷனில் உடற்கல்வி மேடமும் நானும் ஏறி உட்கார்ந்துவிட்டோம், கேப்டனக்கா வரவில்லை. மேடம் அழைத்தபோது அவள் போன் அணைக்கப்பட்டிருந்தது. வண்டி நகர்ந்த பிறகு என் போனில் தெரியாத எண் ஒன்று வந்தது. எடுத்தேன். "ஏட்டி, நான்தான்" என்றது அவள் குரல். இதையும் எனக்கே விட்டுத் தருகிறாளோ என்ற எரிச்சலில் துண்டித்தேன். மறுபடி இரண்டு தடவை அடித்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். மேடம் யாரென்று கேட்டதற்கு, "தெரியலை மேடம்" என்றேன். அடுத்த மாதம் அவளுக்குப் புளியங்குடியில் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. அதன் பிறகு அவள் எங்கும் ஓடவில்லை.

ஒன்பது வருடம் கழித்து, இந்த சீசனில் குற்றாலம் மெயினருவியில் பெண்கள் பக்கம் எனக்குப் பாதுகாப்புப் பணி. தண்ணீர் கூடிக்கொண்டிருந்தது. எல்லோரையும் வெளியேறச் சொல்லி விசில் ஊதினேன். கூட்டத்தில் ஒருத்தி ஈரத் தலையோடு, குதிகால் பதியாமல் பாறையில் ஏறி வந்தாள். விசில் என் வாயிலேயே நின்றுவிட்டது.

"போலீஸ்காரம்மா, அடிச்சிராதீங்க" என்று சிரித்தாள் கேப்டனக்கா.

பணி மாறியதும் சிப்ஸ் கடை ஓரம் நின்று பேசினோம். நலம் விசாரிப்பதற்கு முன்பே நான் கேட்டுவிட்டேன்: "அக்கா, அன்னைக்கு எனக்கு விட்டுக்குடுத்தீங்களா?"

அவள் சிப்ஸ் பொட்டலத்தைக் கீழே இறக்கினாள். "கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? யாருக்காவது ஓட்டத்த விட்டுக்குடுப்பனா நான்? கேலரில எங்கண்ணன் நின்னான்ட்டி. ஓட்டத்த விட்டுட்டேன்னு அவங்கிட்ட பொய் சொல்லிட்டுல்லா ஓடிக்கிட்டிருந்தேன். பட்டாளத்துல இருந்து லீவுல வந்தவன் அங்கன நிக்கான். கீழ எறங்கி வாரானான்னு பாத்தேன். அவ்வளவுதான்."

"சொன்னேம்லான்னு சொன்னீங்களே?"

"ஒனக்குத் தைரியம் சொன்னது பலிச்சிட்டுன்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்லுத?"

அவள் என் சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தபடி, "இப்ப நான் கேக்கேன்" என்றாள். "அன்னைக்கு அண்ணன் என்னைய அனுப்ப மாட்டேன்னுட்டு எம் போனப் புடுங்கிட்டான். பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து கூப்பிட்டேன். நீ மேடங்கிட்ட குடுத்திருந்தா அவங்க அண்ணங்கிட்ட பேசியிருப்பாங்க. அவங்க நம்பரு எனக்கு மனப்பாடம் இல்ல, ஒன் நம்பரு மட்டுந்தான் தெரியும். ஏன்ட்டி கட் பண்ணுன? நான் வராட்டா ஒனக்கு நல்லதுன்னா? ஒம்பது வருசமா இதத்தான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததாக நினைத்துக் கோபப்பட்டேன் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் காவல் நிலையத்தில் முழு உண்மையையும் பாதி உண்மையையும் தினமும் கேட்டுப் பழகியவள் நான். அன்று ரயிலில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதையும் சொன்னேன்.

அவள் சிப்ஸ் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "இப்பவும் ஓடுதேன், தெரியுமா?" என்றாள். "காலைல எலுமிச்சத் தோட்டத்துப் பக்கம். நாய் வெரட்டும்னு வீட்டுக்காரர் பைக்ல பின்னாலயே வருவாரு. வார ஞாயித்துக்கெழம நம்ம கிரவுண்டுக்கு வா. ஓடிப் பாத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்கு முன்பே வந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் மறுமுனையில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அதை இறக்கியதும் ஓடினோம். தினமும் கவாத்துப் பழகும் உடம்பு என்று எனக்குக் கொஞ்சம் இறுமாப்பு இருந்தது. பாதி தூரத்திலேயே அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த முறை அவள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மூன்று எட்டு முன்னால் முடித்தாள்.

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கேப்டனக்கா பக்கத்தில் வந்து என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, உள்ளபடிக்கே ஓடுனியா? இல்ல, பாவம்னு…"

"சத்தியமாக்கா. முழு மூச்சா ஓடுனேன்."

அவள் நம்பவில்லை. எங்கள் நிலையத்தில் சாட்சி சொல்ல வருபவர்களை நான் பார்ப்பதுபோலவே என்னைப் பார்த்தாள். "அப்ப இன்னொருக்கா ஓடு" என்று சொல்லிவிட்டுத் தொடக்கக் கோட்டை நோக்கி நடந்தாள். நானும் இரைப்பு அடங்காமலேயே அவள் பின்னால் போனேன்.