சின்னண்ணன் திருப்பிப் பார்க்காத அட்டை

மேச்சேரிச் சந்தையில் ஆடு வாங்கி விற்கும் சின்னண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயதுவரை ஒத்துக்கொள்ளாத சாப்பாடு என்று ஒன்று இருந்ததில்லை. போன ஆடி மாதம், மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுச் சந்தைக்குப் போனவருக்குச் சாயங்காலம் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, ஆட்டு மந்தைக்கு நடுவிலேயே மயக்கம் வந்தது. சேலத்து டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "உண்ணி கடிச்சிருக்கா?" என்று கேட்டார். ஆட்டு வியாபாரிக்கு உண்ணி கடிக்காத நாள் ஏது? அந்தக் கடியால் வந்த அலர்ஜி என்றார் அவர். கோழி, மீன் சாப்பிடலாம். ஆடு, மாடு, பன்றி ஆகாது. கடைப் பொட்டலங்களில்கூட மாட்டுக் கொழுப்பு, எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் எல்லாம் கலந்திருக்கலாம், படித்துப் பார்த்து வாங்குங்கள் என்று அந்தப் பெயர்களை இங்கிலீஷில் ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

அதிலிருந்து அவருக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். ஓமலூர் மளிகைக் கடையில் ஒரு கையில் சீட்டும் மறு கையில் சூப் பொடியுமாக நின்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். கடைக்கார மதனுக்குப் பொறுமை போய்விடும்.

"சைவம்னு பச்சப் புள்ளி போட்டிருக்குதுங்களே, அப்புறம் என்னங்க?"

"புள்ளி வெச்சவனுக்கா ஒடம்பு தடிக்குது?"

இத்தனை பார்த்தும் ஐப்பசியில் மறுபடி தடிப்பு வந்தது. மூன்று நாள் தொடர்ந்து, சாயங்காலமானால். பொட்டலம் எதையும் பிரிக்கவில்லை. மிச்சமிருந்தது மனைவி ஆத்தாயியின் சமையல்தான். முந்தின வாரம் தன் தம்பி வந்தபோது அவள் ஆட்டுக்கறி ஆக்கியிருந்தாள். சின்னண்ணன் கோழிக்குழம்புச் சட்டியைத் தூக்கி முகர்ந்தார்.

"இதுலதான உந்தம்பிக்கு ஆக்குன?"

"அது வேற சட்டிங்க. தனியா எடுத்து வெச்சிருக்கறேன்."

அவர் கரண்டியையும் முகர்ந்தார்.

"ஏனுங்க, நான் என்ன உங்களுக்கு மருந்தா வெக்கறேன்?"

அவர் சட்டியை மறுபடியும் எடுத்து முகர்ந்தார். அதுதான் அவளைச் சுட்டது. "அப்ப நீங்களே ஆக்கித் தின்னுக்கங்க" என்று அடுப்படியை விட்டு வெளியே போய்விட்டாள்.

புதுச் சட்டி வாங்கி ஐந்து நாள் அவரே சோறும் ரசமும் வைத்துக்கொண்டார். ஐந்து நாளும் தடித்தது. ஆறாம் நாள் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையை விழுங்கச் சொம்பை எடுத்தவருக்குக் கை அப்படியே நின்றது. அசதிக்கென்று அந்த மாதம்தான் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கிய சத்து மாத்திரை அது, வழவழவென்ற கேப்சூல். ஊரிலுள்ள பொட்டலத்தையெல்லாம் திருப்பிப் பார்த்தவர் அந்த அட்டையைத் திருப்பியதில்லை. மருந்தைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? சீட்டை வைத்து ஒப்பிட்டார். பொடி எழுத்தில் இருந்தது: மேலுறை ஜெலட்டின்.

டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். தடிப்பும் நின்றது.

"இதுதான் புள்ள" என்று அட்டையை ஆத்தாயியிடம் நீட்டினார். அவள் கையில் வாங்கவில்லை. மறுநாள் சமைத்தாள். தட்டை அவர் முன்னால் வைத்து, அதிலிருந்து முதல் வாய் தான் எடுத்துத் தின்றுவிட்டு, "இப்பச் சாப்புடுங்க" என்றாள். தினமும் அப்படியே. "போதும் புள்ள" என்று அவர் கெஞ்சிய பிறகும், அவள் நிறுத்த ஒரு மாதம் ஆனது.