விரதம் இருக்காத தெள்ளு

எங்கள் வீட்டுக்காரருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது!

பொங்கல் பானை காயும் முன்னே கடிதம் வந்தது. ஏழு வருடமாகக் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மாதத்தில் ஒரு தடவை மெயில் ரயிலில் வருவார். இரண்டு நாள் நிற்பார். மிளகாய்த் தூளைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போவார். எங்கள் ஆறு வயது மகள் அவரைக் 'கொழும்பு அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் வேறு ஓர் அப்பாவும் இருப்பது போல! கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

கடிதம் வந்த அன்றே எங்கள் யாழ்ப்பாணத்து இணுவில் முழுக்க ஒரே கேள்வி. "ரீச்சர், எந்த எம்.பி.யைப் பிடிச்சனீங்கள்?"

எம்.பி.யா? நாங்கள் பிடித்ததெல்லாம் தெள்ளு. நாயின் உடம்பில் குதிக்குமே, அந்தத் தெள்ளுதான். எந்த ஊருக்கு மாற்றம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசி வரியைப் பார்க்கிறவர்களோடு நான் கோபம்.

ஐப்பசியில் இவர் லீவு போட்டு வந்தார். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பதாக நேர்த்திக்கடன். எதற்கு? மாற்றத்துக்குத்தான். பகலில் தண்ணீர், இரவில் ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். ஏழாம் நாள் காலையில் பாறணை, அதாவது விரதம் முடித்துச் சோறு. ஏழு வருடமாகப் பார்க்காத மேலதிகாரி இல்லை. எழுதாத விண்ணப்பம் இல்லை. இனி முருகன்தான் என்று வந்திருந்தார். விளையாட்டில்லை... அந்த ஆறு நாளில் எங்கள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முதல் கிழமைதான் நான் ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தேன். பிறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. பஞ்சு மாதிரி உடம்பு, ஓயாத வால். பெயர் வைத்தது இவர் — 'துரை'. "கந்தோரிலை துரை கூப்பிட்டால் நான் ஓடவேணும். இஞ்சை நான் கூப்பிட, துரை ஓடி வரட்டும்!" துரையும் ஓடித்தான் வந்தான். உடம்பு நிறையத் தெள்ளோடு.

முதல் நாளே சொன்னேன், "இஞ்சருங்கோ, சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டித் தெள்ளை ஒழிப்பம்."

"விரத நாளிலை உயிர்க்கொலையோ? என்ன கதை கதைக்கிறீர்? பிடிச்சு வெளியிலை விடுவம்."

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நெற்றி நிறைய விபூதி. மடியில் துரை. கையில் என்னுடைய பேன் சீப்பு. பக்கத்தில் மூடி போட்ட ஜாம் போத்தல். ஒவ்வொரு தெள்ளாகச் சீவி எடுத்து, விரல் நோகாமல் — தெள்ளுக்கு நோகாமல்! — போத்தலுக்குள் இறக்குவார். பாதி தெள்ளு வழியிலேயே குதித்துப் பாய்க்குள் போய்விடும். மீதியை வேலி மூலைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார். "போங்கோ... போய்ப் பிழைச்சுக்கொள்ளுங்கோ."

தெள்ளுக்கும் 'போங்கோ' மரியாதை! எனக்கு வெறும் 'நீர்'தான்.

அந்த வேலி மூலையில் ஒரு பொட்டு இருக்கிறது. நாய் நுழையும் அளவு ஓட்டை. பக்கத்து வளவு சின்னத்தம்பி அண்ணையின் நாய் கறுப்பன், மத்தியானத்தில் சரியாக அந்த மூலையில்தான் படுப்பான். எழும்பியதும் பொட்டுக்குள்ளால் நேரே எங்கள் முற்றம். துரையோடு கட்டிப் புரண்டு விளையாட்டு. காலையில் போன தெள்ளெல்லாம் கறுப்பனில் ஏறிப் பின்னேரம் வீடு வந்து சேர்ந்தன. பஸ் ஓட்டம்கூட இவ்வளவு ஒழுங்கில்லை.

மூன்றாம் நாள் எல்லாரும் சொறியத் தொடங்கினோம். வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரு கையால் எழுதி மறு கையால் சொறிய, முன்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து சொறிந்தார்கள். சொறிதலும் கொட்டாவி போலத்தான், பார்த்தாலே தொற்றும்.

சின்னத்தம்பி அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். உலகத்தில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்து. ஒரு வாளியோடு வந்து நின்றார். "ரீச்சர், புகையிலை ஊறின தண்ணி. குட்டிக்குத் தலையோடை ஊத்துங்கோ. ஒரு தெள்ளும் மிஞ்சாது."

எனக்கு ஆசைதான். வாளியை வாங்கியும் விட்டேன். இவர் பறித்து வேலிக்கு அந்தப்பக்கம் வைத்தார். "விரதம் முடியட்டும், அண்ணை." நான் பல்லைக் கடித்தேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம். மழை. கோயிலில் பூசை முடித்து வந்தவர் வாசலில் நின்று, "துரை!" என்றார்.

துரை வரவில்லை. சாக்கில் படுத்தபடி வாலை ஒரு தடவை அசைத்தான். அவ்வளவுதான். நான் ஓடிப்போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய பல் முரசு, உரித்த மரவள்ளிக்கிழங்காக வெளுத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் சால்வையில் துரையைச் சுற்றினார், சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் குடை பிடித்தபடி ஏறினேன். மாட்டு டொக்டர் வீட்டில் போய் இறங்கினோம்.

டொக்டரின் நெற்றியிலும் விபூதி. குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?"

"விரதம், டொக்டர். அதாலை கொல்லேல்லை..." என்றார் இவர், மெல்ல.

"நானும் விரதம்தான். நீங்கள் இருக்கிறியள், நான் இருக்கிறன். தெள்ளு இருக்குதோ? அது ஆறு நாளும் இரத்தம் குடிக்குது!"

இவர் தலை குனிந்தார். நான் புகையிலைத் தண்ணீர்க் கதையைச் சொன்னேன்.

"நல்லவேளை ஊத்தேல்லை. தெள்ளும் மிஞ்சாது, நாயும் மிஞ்சாது. நக்கினால் நஞ்சு, தோலாலை ஊறினாலும் நஞ்சு. ஊத்தாமல் விட்டது ஆர் செய்த புண்ணியம்?"

வேறு வழியில்லை. நான் இவரைக் காட்டினேன். அந்த நிலையிலும் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே!

துரைக்கு ஒரு ஊசி போட்டு, டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இந்த வயதுக் குட்டிக்கு மண்ணெண்ணெய், பூச்சி மருந்துத் தூள் எதுவும் கிட்டக் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீர், குழந்தைகளுக்குப் போடும் சவுக்காரம், அதுவே போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போடவேண்டும். இல்லாவிட்டால் தெள்ளெல்லாம் தலைக்கு ஓடிக் காதுக்குள் ஒளித்துவிடும். குளிர விடாமல் உடனே துடைக்கவேண்டும். பிறகு நாள்தோறும் பேன் சீப்பு. சீவியதைச் சவுக்காரத் தண்ணீரில் போடவேண்டும். சாக்கை அவித்துக் காயவிடவேண்டும். "நாயிலை இருக்கிறது கொஞ்சம்தான். முட்டையெல்லாம் நிலத்திலை, பாயிலை. மூலை முடுக்கெல்லாம் ஒவ்வொரு நாளும் கூட்டுங்கோ. ஒரு மாதத்துக்கு விடாதேயுங்கோ. பக்கத்து வீட்டு நாயையும் சேர்த்துப் பாருங்கோ."

வீட்டுக்கு வந்ததும் இவர் அடுப்படியில் குந்தினார். தானே தண்ணீர் சுடவைத்தார். தானே கழுத்தில் நுரை போட்டார். துடைத்து, அடுப்புச் சூட்டில் வைத்துக்கொண்டு, சீப்பை எடுத்தார். முதல் தெள்ளு. சவுக்காரத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கை ஒரு கணம் நின்றது. ஏழு வருடம் அந்தக் கையில் தொங்கியது எனக்குத் தெரியும்.

"முருகா," என்றார், "சூரனுக்கு நீ ஆறு நாள் எடுத்தாய். இந்தச் சீவனுக்கு அவ்வளவு நாள் இல்லை, அப்பனே."

போட்டார். அதற்குப் பிறகு நிற்கவேயில்லை!

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இவர் மீது எனக்கு அன்று வந்த அன்பு வேறு எந்த நாளும் வந்ததில்லை. அச்சில் எழுத வெட்கம்தான். எழுதிவிட்டேன்.

எல்லாம் முடிந்து கையைக் கழுவியவர் என்னைப் பார்த்தார். "விரதம் முறிஞ்சது முறிஞ்சதுதான். அங்கை என்ன, புட்டோ?"

எனக்கும் மகளுக்கும் அவித்த புட்டு. ஓர் ஓலை நீத்துப்பெட்டி முழுக்க! கறிக்குக்கூடக் காத்திராமல், வாழைப்பழத்தைப் பிசைந்து அடித்தார். மறுநாள் சூரன் போர் பார்க்க, ஊரே வாடி வதங்கி நிற்க, இவர் மட்டும் செழிப்பாக நின்றார். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. "மாற்றம் இனிச் சரிவராது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லீவு முடியுமுன் கறுப்பனையும் குளிப்பாட்டினார். "ஏன் தம்பி உங்களுக்கு இந்தக் கரைச்சல்?" என்று சின்னத்தம்பி அண்ணை கேட்டார். "ஒரு புண்ணியத்துக்கு, அண்ணை" என்றாரே தவிர, ஜாம் போத்தலைப் பற்றி மூச்சு விடவில்லை. (அண்ணை இதை இப்போது வாசிக்கிறார். மன்னியுங்கோ.)

துரை ஒரு மாதத்தில் தேறிவிட்டான். முரசு சிவப்பு. நேற்று என் செருப்பில் ஒன்றைத் தின்றான்.

சரி, மாற்றம் எங்கே? கிளிநொச்சி! காலையில் ரயிலில் வேலைக்குப் போனால் பின்னேரம் திரும்பி வீட்டில். மகள் 'கொழும்பு'வைக் கழற்றிவிட்டு வெறும் 'அப்பா' என்று பழகிக்கொண்டிருக்கிறாள்.

இவர் கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டு, ரயில் பாதையை விரலால் மேசையில் கீறினார். "பாரும். கொழும்பிலையிருந்து யாழ்ப்பாணம் ஆறு பங்கு எண்டால், கிளிநொச்சி ஐஞ்சு பங்கு. ஐஞ்சு நாள் விரதம், ஐஞ்சு பங்குத் தூரம். முருகன் கணக்கிலை பிசகமாட்டார்."

உங்களிடம் மட்டும் கேட்கிறேன் — தெள்ளு வேலைதான் இன்னும் ஒரு நாள் பொறுக்காது. அந்தப் புட்டுகூடவா பொறுத்திருக்காது?