மாட்டோடு வளர்ந்த குதிரைக்குட்டி

என் மாமாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. குதிரை வண்டிப் பந்தயத்தில் தன் குதிரை முதலில் வர வேண்டும். அம்மாவின் தம்பியான அவர் சங்கரன்கோவிலில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். அவர் வளர்த்த பெட்டைக் குதிரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆகவே நம்பிக்கை முழுவதையும் அது போட்ட குட்டிமேல் வைத்தார். நான் வைத்திருந்தது வெறும் பிரியம். பள்ளிக்கூடம் விட்டதும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றால் சாப்பிடக் கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

புளியங்குடிக்கு மேற்கே மலையில் மாடுகளைக் கூட்டமாக விட்டு மேய்ப்பவர்கள் உண்டு. கன்றுகளை அவர்களிடம் ஒப்படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏறி இறங்கி மேய்ந்தால் கால் உறுதிப்படும் என்பார்கள். கன்றுக்கு ஆவது குதிரைக்கு ஆகாதா என்பது மாமாவின் கணக்கு. பால்குடி மறந்ததும் குட்டியை மலைக்கு ஏற்றிவிட்டார். ஊரில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று அவருக்குப் பெருமை வேறு.

ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். மேலே மரங்கள் முடிந்து வெறும் புல்லாகக் கிடந்த சரிவில் எங்கள் குட்டி கன்றுகளோடு முட்டி விளையாடிக்கொண்டிருந்தது. கயிறு கிடையாது, கட்டுத்தறி கிடையாது. கூப்பிட்டேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, நகரத் தொடங்கிய மாடுகளுக்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவோ அதன் கால்களையே ரசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்துக் கீழே கொண்டுவந்து வண்டியில் பழக்கினார். ஆளரவமில்லாத விடியற்காலைச் சாலையில் அது பறந்தது.

“ஏட்டி, இந்த வருசம் கப்பு நம்ம வீட்டுக்குத்தான்” என்றார்.

பனவடலிசத்திரம் பக்கம் ஒரு கோயிலில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தயம் வைத்தார்கள். வண்டிகளுக்குப் பின்னால் அப்பாவின் பைக்கில் நானும் போனேன். எங்கள் குதிரைதான் முன்னால் ஓடியது. அப்போது சாலையோரமாக ஒரு மாட்டுக்கூட்டம் மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் குதிரை வேகத்தைக் குறைத்தது. வண்டியோடும் மாமாவோடும் சாலையை விட்டு இறங்கியது. கடைசி மாட்டுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டு, மாடு நடக்கிற நடையில் நடக்க ஆரம்பித்தது. மாமா லகானை இழுத்துப் பார்த்தார். சாட்டையை ஓங்கினார், அப்புறம் என்ன நினைத்தாரோ, கீழே வைத்துவிட்டார்.

எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. நாங்கள் ஊர் வந்து சேருவதற்குள் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது.

“வே, உம்ம குதிரை எத்தன லிட்டர் கறக்கும்?” என்று டீக்கடையில் கேட்டார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மறுவாரம் திருவேங்கடத்திலிருந்து பந்தயக்காரர் ஒருவர் குதிரையை விலைக்குக் கேட்டு வந்தார். “நாலு நாள் கட்டிப்போட்டு அடிச்சா மாட்டையெல்லாம் மறந்துரும் அண்ணாச்சி” என்றார். கொடுப்பதற்கில்லை என்று மாமா சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் அதை லோடு வண்டியில் ஏற்றினார், திரும்பவும் மலைக்கு.

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். “தோத்துட்டுன்னுதான மாமா கொண்டு போறீய?”

“ஆமா மக்கா” என்று சொல்லி என்னைத் தூக்கி ஓரமாக விட்டார்.

சாயங்காலம் கையில் வெறும் கயிற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தட்டு வைத்தாள். “அங்கனயே சாப்பிட்டுட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மலையில் என்ன சாப்பாடு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோற்ற குதிரையைத் தண்டித்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். அதன்பிறகு ரொம்ப நாள் அவரோடு நான் பேசவில்லை.