இன்வெர்ட்டர் வாங்கினால் தேரை இலவசம்

ஜெனி, டேனி... நம்ம நாய் டைகரின் வீரத்தைப் பற்றி ஸ்கூலில் நீங்கள் அளந்துவிட்டதெல்லாம் போதும். பேர்தான் டைகர். போன வாரம் அதைச் சாய்த்தது ஒரு தேரை!

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். போகட்டுமே... நாங்கள்தான் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டோமே! தெருவே இருட்டில் கிடக்க, எங்கள் வாசல் பல்பு மட்டும் ஜொலிக்கும். நாலு பேர் பார்க்க வேண்டாமா?

பார்த்தார்கள். மழை விட்டதும் ஊரிலுள்ள ஈசலும் பார்த்தது. ஈசலைத் தின்னத் தேரைகள் வந்தன. டைகரின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே பந்தி.

டைகர் ஒன்றைக் கவ்வியது. தேரைக்குக் கண்ணுக்குப் பின்னால் புடைப்பாக இருக்கிறதே, அதில் விஷம். உடனே வாயில் நுரை... கால் தள்ளாட்டம்.

நுரையைப் பார்த்ததும் தெருவுக்கே வைத்திய ஞானம் பொங்கியது. பால் ஊற்றச் சொன்னார் ஒருத்தர். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார் இன்னொருத்தர். எல்லாரையும்விடப் பெரிய டாக்டர் எதிர்வீட்டுக்காரர் – கையில் உருட்டுக்கட்டை.

"தள்ளு மச்சான். வெறி புடிச்சிருச்சு. புள்ளைங்க இருக்கிற வீடு."

ஜெனி, நீதான் வாசல்படியிலிருந்து கத்தினாய். "மாமா, அவன் தேரையக் கடிச்சான். நான் பாத்தேன். அதோ கெடக்குது பாருங்க."

பார்த்தார். ஓங்கிய கட்டை டைகர் மேல் விழவில்லை. ஆனால் கையை விட்டு இறங்கவும் இல்லை.

கடலூரில் தெரிந்த கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். தலையைக் கீழே சாய்த்து, வாயோரமாகத் தண்ணீர் விட்டு, வெளியே வழிகிற மாதிரி கழுவச் சொன்னார். தொண்டைக்குள் போகக் கூடாது. ஈறை ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே உள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பால் ஊற்றலாமா சார் என்றேன். "அதுல காபி போட்டு நீங்க குடிங்க."

எதிர்வீட்டுக்காரர் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நான் கழுவுவதை மேற்பார்வை பார்த்தார்.

டைகர் பிழைத்தது. புத்தி? மறுநாளே அடுத்த தேரையை முறைத்தது.

டாக்டர் மறுபடி போனில் சொன்னார்: இருட்டுவதற்குள் சோறு போட்டு, தட்டையும் தண்ணீரையும் உள்ளே எடுத்துவிடணும். அப்புறம், "வாசல்ல லைட்டு எரியுதா?"

"எப்பவும் எரியும் சார். இன்வெர்ட்டர்!"

"பெருமைதான். அணைச்சிருங்க."

நீங்கள் டியூஷன் போனபிறகு, தனியாக ஸ்டூல் போட்டு ஏறி பல்பைக் கழற்றினேன். வாசல் இருண்டது. இறங்கித் திரும்பினால்... எதிர்வீட்டு வாசலில் பளிச்சென்று வெளிச்சம். அவரும் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார்.

தேரைகள் தெருவைத் தாண்டித் தத்திக்கொண்டிருந்தன.